‘உரிமம் கிடைத்தது’ என்று எழுதும் முன்

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் பத்திரிகை டெஸ்க்கில் அணுஉலைச் செய்தி என்றால் கூடங்குளம் உலையை எதிர்த்த இடிந்தகரைச் செய்தி. போராட்டப் பந்தல், காவல்துறை, கடலில் இறங்கி நின்ற மக்கள். எந்த அதிகாரி எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் உலையில் எது தொடங்கும் என்று நாங்கள் கேட்டதில்லை. அது விஞ்ஞானிகள் வேலை என்று விட்டுவிட்டோம்.

இப்போது வாரத்துக்கு இரண்டு செய்தியாவது வருகிறது. அமெரிக்காவில் 2025 மே மாதம் அதிபர் டிரம்ப் வெளியிட்ட ஆணைகள், சுமார் 100 ஜிகாவாட் அணுமின் திறனை 2050-க்குள் 400 ஆக்கச் சொல்கின்றன. ஒரு புதிய உலையின் விண்ணப்பத்தை 18 மாதத்துக்குள் முடிவு செய்யவும் சொல்கின்றன. இந்தியாவின் திறன் 2025 இறுதி வரை 9 ஜிகாவாட்டைத் தொடவில்லை. 2047-க்கு வைத்திருக்கும் இலக்கு 100. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ‘சாந்தி’ சட்டம் தனியாருக்கும் கதவைத் திறந்துவிட்டது. உலை, உரிமம், அனுமதி என்ற சொற்கள் இனி நம் பக்கங்களில் அடிக்கடி வரும்.

புதிதாக வரும் நிருபர்களுக்காக நான் எழுதிவைத்த பட்டியல் இது. வரிசைக்கு ஒழுங்கு கிடையாது. ஒவ்வொரு தப்பு நடந்தபோதும் ஒரு வரி சேர்ந்தது, அவ்வளவுதான். அமெரிக்க உதாரணங்கள் அதிகமாக இருக்கும். அங்கே விண்ணப்பம், மறுப்பு, செலவுக் கணக்கு எல்லாமே பொதுப்பார்வைக்கு வருவதுதான் காரணம்.

செய்யக்கூடாதவை

‘உரிமம்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள்.

சொந்த வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். மனை அங்கீகாரம் வேறு, வரைபட அனுமதி வேறு, பணி நிறைவுச் சான்று வேறு. வரைபட அனுமதி வந்த அன்றே யாரும் பால் காய்ச்சுவதில்லை. உலைக்கும் அப்படித்தான். அமெரிக்காவில் இடத்துக்கு ஒரு முன் அனுமதி உண்டு, வடிவமைப்புக்கு ஒரு சான்று உண்டு. பழைய வழியில் போனால் முதலில் கட்டுமான அனுமதி, பிறகு இயக்க உரிமம். 1989-இல் வந்த புதிய வழியில் இரண்டையும் ஒன்றாகத் தரும் கூட்டு உரிமம். நம் நாட்டில் இடத்துக்கு ஓர் இசைவு, முதல் கான்கிரீட் ஊற்ற ஓர் இசைவு, எரிபொருள் நிரப்ப ஒன்று, தொடர்வினையை முதன்முதலாகத் தொடங்க ஒன்று, திறனைப் படிப்படியாக உயர்த்த ஒவ்வொன்று, கடைசியில் இயக்க உரிமம். அதையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

இதில் எந்தத் தாள் என்று சொல்லாத செய்தி, செய்தியே இல்லை. நூஸ்கேல் நிறுவனத்தின் சிறு உலை வடிவமைப்புக்கு 2023 ஜனவரியில் சான்று கிடைத்தது. சுமார் 12,000 பக்க விண்ணப்பம், ஆறு ஆண்டு ஆய்வு. ‘அமெரிக்காவின் முதல் சிறு உலைக்கு உரிமம்’ என்று உலகமே எழுதியது. அது வடிவமைப்புச் சான்று மட்டும்தான். ஐடஹோவில் அந்த உலையைக் கட்டவிருந்த திட்டம் அதே ஆண்டு நவம்பரில் கைவிடப்பட்டது. யூட்டா பகுதி நகராட்சிகள் கூட்டாகச் சேர்ந்து வாங்குவதாக இருந்த மின்சாரத்தின் விலை மெகாவாட் மணிக்கு 58 டாலரிலிருந்து 89 டாலராகிவிட்டது. வாங்க ஆள் சேரவில்லை.

‘கிரிட்டிகல்’ என்பதை மருத்துவமனைச் சொல்லாக மொழிபெயர்க்காதீர்கள்.

2013 ஜூலை 13, இரவு பதினொன்றைத் தாண்டிய நேரம். கூடங்குளம் முதல் உலை கிரிட்டிகல் ஆனதாக ஏஜென்சிச் செய்தி வந்தது. பயிற்சியில் இருந்த தம்பி ஒருவர் ‘கூடங்குளம் உலை கவலைக்கிடம்’ என்று தலைப்புப் போட்டு அனுப்பிவிட்டார். பக்கம் அச்சுக்குப் போவதற்குள் ஒருவர் பார்த்ததால் பிழைத்தோம். பார்த்திராவிட்டால் ராதாபுரம் வட்டாரமே அன்றிரவு மூட்டை கட்டியிருக்கும்.

அணுப்பிளவுத் தொடர்வினை கூடாமலும் குறையாமலும் தன்னைத் தானே நடத்திக்கொள்ளத் தொடங்கும் நிலைதான் அது. பாடப்புத்தகம் மாறுநிலை என்கிறது. ‘தொடர்வினை தொடங்கியது’ என்று எழுதினால் யாருக்கும் புரியும். இன்னொன்றும் கவனியுங்கள். கூடங்குளத்தில் தொடர்வினை 2013 ஜூலையில் தொடங்கியது, மின்தொகுப்பில் இணைந்தது அதே ஆண்டு அக்டோபரில், வணிக உற்பத்தி என்று அறிவித்தது 2014 டிசம்பர் 31-இல். மூன்று தேதிக்கும் மூன்று முறை ‘கூடங்குளம் இயங்கத் தொடங்கியது’ என்று நாங்கள் தலைப்புப் போட்டோம். வாசகர் ஒருவர் மூன்று நறுக்குகளையும் ஒட்டி அனுப்பி, எது உண்மை என்று கேட்டிருந்தார்.

‘ஒழுங்குமுறைக் கெடுபிடியால் தாமதம்’ என்ற மேற்கோளை லீடாக வைக்காதீர்கள்.

இந்தப் பட்டியலில் நான் அதிகம் சண்டை போட்ட வரி இதுதான். உலை கட்டும் நிறுவனங்கள், அவற்றில் பணம் போடுகிறவர்கள், அரசியல்வாதிகள் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வது: ஒழுங்குமுறை ஆணையம்தான் முட்டுக்கட்டை, கெடு வைத்தால் உலைகள் முளைத்துவிடும். சொல்லட்டும், போடுங்கள். ஆனால் தேதிகளை எடுத்து வைத்துக்கொண்டு போடுங்கள்.

ஜார்ஜியா மாநிலத்தின் வோக்டில் 3, 4 உலைகளையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பல பத்தாண்டுகளுக்குப் பின் அடியிலிருந்து கட்டி முடித்தவை அவை. விண்ணப்பம் போனது 2008-இல், கூட்டு உரிமம் கிடைத்தது 2012 பிப்ரவரியில். நான்கு ஆண்டு. கட்டி முடித்து வணிக உற்பத்திக்கு வந்தது 2023 ஜூலையிலும் 2024 ஏப்ரலிலும். உரிமம் வந்த பிறகு பதினோரு, பன்னிரண்டு ஆண்டு. 1,400 கோடி டாலர் என்று தொடங்கிய கணக்கு 3,000 கோடியைத் தாண்டியது. இடையில் நடந்தது என்ன? வரைபடம் முழுதாக முடியாமலே கட்டத் தொடங்கினார்கள். தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்துவதாக இருந்த பாகங்கள் பிழையாக வந்து சேர்ந்தன. அப்படி உலை கட்டி ஒரு தலைமுறை ஆகிவிட்டதால் கைப்பழக்கம் உள்ள ஆட்கள் இல்லை. 2017 மார்ச்சில், உலையை வடிவமைத்த வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. விண்ணப்பித்த மறுநாளே உரிமம் கொடுத்திருந்தாலும் இவற்றில் எது மாறியிருக்கும்?

அதே வெஸ்டிங்ஹவுஸ் வடிவமைப்புதான் தென் கரோலினாவின் வி.சி. சம்மர் உலைகளுக்கும். அவற்றுக்கும் 2012-இலேயே உரிமம் கிடைத்துவிட்டது. 900 கோடி டாலர் செலவழித்து 2017 ஜூலையில் பாதியில் விட்டார்கள். திட்டம் நன்றாகப் போவதாக முதலீட்டாளர்களிடம் பொய் சொன்னதற்காக மின் நிறுவனத்தின் தலைமை அதிகாரி சிறைக்குப் போனார். உரிமம் பத்திரமாகத்தான் இருந்தது.

ஓக்லோ கதை இன்னும் சுவையானது. சின்னஞ்சிறு உலை ஒன்றுக்கு அந்த நிறுவனம் கொடுத்த விண்ணப்பத்தை அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜனவரியில் நிராகரித்தது. ‘புதுமையைக் கண்டு பயப்படுகிறார்கள்’ என்று ஒரு கூட்டம் கொந்தளித்தது. ஆணையம் சொன்ன காரணம் வேறு: என்னென்ன விபத்து நேரலாம், பாதுகாப்பு அமைப்புகள் எவை என்று கேட்ட தகவலைக் கொடுக்கவே இல்லை. வினாத்தாளைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு மதிப்பெண் போடவில்லை என்று வருத்தப்படுவது போன்றது அது.

ஆணையத்தின் மேல் குறையே இல்லை என்றும் எழுதாதீர்கள். ஆய்வு செய்யும் ஊழியர்களின் நேரத்துக்கு மணிக்கணக்கில் விண்ணப்பதாரரே கட்டணம் கட்ட வேண்டும். ஆய்வு நீள நீள பில் நீளும் என்ற புகாரில் நியாயம் உண்டு. செலவான எரிபொருளை எங்கே வைப்பது என்ற விதியை நீதிமன்றம் 2012 ஜூனில் ரத்து செய்தபோது, 2014 ஆகஸ்ட் வரை இறுதி உரிமம் எதையும் தராமல் ஆணையம் நிறுத்திவைத்ததும் உண்மை. 2024-இல் பைடன் கையெழுத்திட்ட ‘அட்வான்ஸ்’ சட்டம் இந்தக் குறைகளில் சிலவற்றைக் குறிவைத்ததுதான். எது உரிமத் தாமதம், எது கொத்தனார் தாமதம் என்று பிரித்து எழுதினால் போதும்.

மூடிய உலையைத் திறந்தால் ‘புதிய உலை’ என்று எழுதாதீர்கள்.

மிச்சிகனின் பாலிசேட்ஸ் 2022 மே மாதம் மூடப்பட்டது. மீண்டும் இயங்கும் நிலைக்குக் கொண்டுவர 2025 ஜூலையில் ஆணையம் ஒப்புக்கொண்டது. மூடிய உலையைத் திறப்பதற்கென்று அமெரிக்க விதிகளில் தனி உரிமமே கிடையாது. பழைய உரிமத்தில் திருத்தம், விலக்கு என்று ஒட்டுப்போட்டுத்தான் வழி கண்டார்கள்.

அமெரிக்காவின் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்துக்கும் இதே எச்சரிக்கை. 1979 மார்ச் 28-இல் விபத்துக்குள்ளானது இரண்டாம் உலை. மைக்ரோசாஃப்ட் இருபது ஆண்டுக்கு மின்சாரம் வாங்க ஒப்பந்தம் போட்டிருப்பது முதல் உலையோடு. அது விபத்துக்குப் பிறகும் பல ஆண்டு ஓடி, கட்டுப்படியாகாமல் 2019-இல் நின்றது. ‘உருகிய உலைக்கு உயிர்’ என்று ஒரு தலைப்பு வந்தது. எங்கள் பத்திரிகையில் இல்லை, நல்லவேளை.

‘சிறு உலை’ என்றால் மலிவு என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

300 மெகாவாட் வரை உள்ளவற்றைச் சிறு உலை என்கிறார்கள். கனடாவின் டார்லிங்டனில் முதலாவதைக் கட்ட 2025 ஏப்ரலில் உரிமம் கிடைத்தது. நான்கு உலைகளுக்கு ஒண்டாரியோ அரசு ஒப்புக்கொண்ட தொகை 2,090 கோடி கனடிய டாலர். நான்கும் சேர்ந்தால் 1,200 மெகாவாட், கூடங்குளத்தின் ஓர் உலையைவிடக் கொஞ்சம் அதிகம். அடுத்தடுத்துக் கட்டும்போது விலை குறையும் என்பது கணக்கு. குறையலாம். குறைந்த பிறகு எழுதுவோம்.

மெகாவாட்டையும் யூனிட்டையும் குழப்பாதீர்கள். ‘நாளொன்றுக்கு 1,000 மெகாவாட் உற்பத்தி’ என்று ஒன்று கிடையாது. 1,000 மெகாவாட் உலை முழுத் திறனில் ஒரு நாள் ஓடினால் 2.4 கோடி யூனிட்.

செய்ய வேண்டியவை

கையெழுத்துப் போடுகிறவர் யாருக்குக் கீழே இருக்கிறார் என்று பாருங்கள்.

உலையை வளர்க்க வேண்டிய அமைச்சகமே உலையைத் தடுக்கும் அதிகாரத்தையும் வைத்திருந்தால், தடுக்க வேண்டிய நாளில் கை எழாது. அமெரிக்கா இதை 1974-இல் ஒப்புக்கொண்டு, பழைய அணுசக்தி ஆணையத்தைப் பிளந்து ஒழுங்குமுறைக்குத் தனி ஆணையம் அமைத்தது. ஜப்பானுக்குப் புகுஷிமா விபத்து தேவைப்பட்டது. அதுவரை அங்கே பாதுகாப்பைப் பார்த்த அமைப்பு, அணுமின்சாரத்தை வளர்க்கும் அமைச்சகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. 2012 செப்டம்பரில் புதிய ஆணையம் வந்தது. அது 2024 நவம்பரில் சுருகா 2 உலைக்கு மறுஇயக்க அனுமதி மறுத்தது. அடியில் உயிர்ப்புள்ள நிலப்பிளவு இருக்கக்கூடும் என்பது காரணம். இல்லை என்று சொல்லத் தெரிந்த ஆணையம் ஆமாம் என்று சொன்னால்தான் அதற்கு மதிப்பு.

நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-இல் ஓர் அரசாணையால் பிறந்தது. அது அரசுக்குக் கீழ்ப்பட்ட அமைப்பாகவே நீடிக்கிறது என்று தணிக்கை அதிகாரி 2012-இல் எழுதினார். அதைத் தனி அமைப்பாக்க 2011-இல் வந்த மசோதா காலாவதியானது. இப்போதைய சாந்தி சட்டம் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து தந்திருக்கிறது. நியமிப்பவர் யார், நீக்குபவர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்ற மூன்று கேள்வியை வைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தைப் படியுங்கள். பத்திரிகைக் குறிப்பைப் படித்துவிட்டு எழுதாதீர்கள்.

முன்னுதாரணமான நாடும் அப்படியே இருந்துவிடும் என்று நம்பவேண்டாம். 18 மாதக் கெடு வந்த அடுத்த மாதமே, 2025 ஜூனில், அமெரிக்க ஆணையத்தின் உறுப்பினர் கிறிஸ்டோபர் ஹான்சனை அதிபர் நீக்கிவிட்டார். கெடுவை நான் எதிர்க்கவில்லை. கெடுவுக்குப் பயந்து போட்ட கையெழுத்தை எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் இனி நிருபரின் வேலை.

எதிர்த்து வாக்களித்தவரின் குறிப்பைத் தேடி எடுங்கள். வோக்டில் உரிமம் நான்குக்கு ஒன்று என்ற வாக்கில் போனது. எதிர்த்த அந்த ஒருவர் ஆணையத்தின் தலைவர் கிரெகரி யாஸ்கோ. புகுஷிமா பாடங்கள் உலை இயங்கும் முன் நிறைவேறும் என்ற கட்டாயத்தை உரிமத்திலேயே எழுத வேண்டும் என்றார். தலைப்பில் வராத செய்தி அங்கேதான் இருக்கும்.

வெளியேற்றத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். கேட்டு, அந்தச் சாலையில் போய்ப் பாருங்கள்.

நியூயார்க்கின் லாங் ஐலண்ட் நீண்டு குறுகிய தீவு. அங்கே ஷோர்ஹாம் உலையைக் கட்டி முடிக்க சுமார் 600 கோடி டாலர் ஆனது. 1983 பிப்ரவரியில், விபத்து நேர்ந்தால் இந்த மக்களைப் பத்திரமாக வெளியேற்ற வழியே இல்லை என்று சஃபோக் மாவட்ட அவை தீர்மானம் போட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை கடற்கரையிலிருந்து வீடு திரும்பும் நெரிசலைப் பார்த்தவர்கள் தலையாட்டினார்கள். மத்திய ஆணையம் 1989 ஏப்ரலில் முழுத்திறன் இயக்க உரிமத்தைக் கொடுத்தது. ஆனால் அதற்குள் மாநில ஆளுநரோடு உடன்பாடு ஆகி, உலை ஒரு டாலருக்குக் கைமாறிக் கலைக்கப்படுவதாக முடிவாகியிருந்தது. கையில் முழு உரிமம், வணிக மின்சாரம் ஒரு யூனிட்கூட இல்லை. மின்கட்டணத்தில் அந்தக் கடனைச் சுமந்தது தீவு மக்கள்தான்.

நம் பக்கத்தில் அவசரகாலத் திட்டம் வழக்கமாக உலையைச் சுற்றி 16 கிலோமீட்டருக்கு. அந்த வட்டத்துக்குள் எந்த ஊர்கள், எத்தனை பேருந்து, எந்தப் பாலம், எந்தப் பள்ளியில் தங்கவைப்பார்கள், அயோடின் மாத்திரை யார் கையில் என்று கேளுங்கள். ‘எல்லாம் தயார்’ என்ற பதிலுக்கு அடுத்த கேள்வி, கடைசி ஒத்திகை எந்தத் தேதியில் நடந்தது என்பது.

அனுமதி வாங்கிய இடத்தில்தான் கட்டுகிறார்களா என்று பாருங்கள். சிரிக்கவேண்டாம். ஜெர்மனியில் மியூல்ஹைம் கார்லிஹ் என்ற உலையைத் தரையின் தன்மை சரியில்லை என்று சுமார் 70 மீட்டர் தள்ளிக் கட்டினார்கள். அனுமதியை முறையாக மாற்றவில்லை. ஓடிக்கொண்டிருந்த உலையின் அனுமதியை 1988 செப்டம்பரில் உச்ச நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகு அது ஓடவே இல்லை.

பணம் யாருடையது என்பதை மூன்றாவது பத்திக்குள் சொல்லிவிடுங்கள். வோக்டில் முடியும் முன்பே, 2011-இலிருந்து, ஜார்ஜியா மக்கள் அதன் வட்டிச் செலவை மின்கட்டணத்தில் கட்டினார்கள். நம் நாட்டில் விபத்து நேர்ந்தால் கருவி விற்றவரிடம் இழப்பீட்டைத் திருப்பிக் கேட்க 2010 சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. பழுதான பொருள் கொடுத்தால் கேட்கலாம் என்ற அந்த வழியைச் சாந்தி சட்டம் விட்டுவிட்டது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் கேட்கலாம், வேண்டுமென்றே கெடுதல் செய்திருந்தால் கேட்கலாம். வெளிநாட்டு விற்பனையாளர்கள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். நல்லதா கெட்டதா என்று ஆசிரியர் பக்கம் சொல்லட்டும். மாறியது என்ன என்று செய்திப் பக்கம் சொல்ல வேண்டும்.

ஒழுங்குமுறை வாரியத்தின் சின்னச் சின்ன வரிகளைத் தவறவிடாதீர்கள். கூடங்குளம் முதல் உலையில் நான்கு வால்வுகள் சரியாக வேலை செய்யவில்லை என்பது 2013 ஏப்ரலில் வாரியத்தின் ஒரு சிறு அறிக்கையில்தான் வந்தது. அதைக் கண்டுபிடித்து நிறுத்தியது வாரியம் வேலை செய்ததற்கு அடையாளம். அப்படிப்பட்ட வால்வுகள் உள்ளே வந்தது எப்படி என்பது இன்னொரு செய்தி. இரண்டையும் எழுதினால் இரு தரப்பும் திட்டும். பரவாயில்லை, எழுதுங்கள்.

தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். 2013 மே 6-இல் தீர்ப்பு வந்ததும் ‘கூடங்குளத்துக்குப் பச்சைக்கொடி’ என்று முதல் பக்கத்தில் போட்டோம். அதே தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 15 உத்தரவுகள் போட்டிருந்தது. அவை ஒரு வாரம் கழித்து ஏழாம் பக்கத்தில் வந்தன. தலைப்பு போட்டவன் நான்தான்.

உலையை ஓட்டப்போகிறவர்கள் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் பராகா முதல் உலை 2018-இலேயே கட்டி முடிந்தது. எரிபொருள் நிரப்பியது 2020-இல். ஓட்டுநர்களின் பயிற்சியும் உரிமமும் முடியட்டும் என்று இயந்திரம் காத்துக்கிடந்தது.

கடைசியாக ஒரு செய்யக்கூடாதது

கோப்புப் படத்தில் இடுப்பு சிறுத்த அந்தப் பெரிய கோபுரங்களை வைக்காதீர்கள். அவை குளிர்விப்புக் கோபுரங்கள். அனல்மின் நிலையத்திலும் இருக்கும். மேலே வருவது நீராவி, ‘அணுப்புகை’ இல்லை. கூடங்குளத்திலும் கல்பாக்கத்திலும் அப்படிப்பட்ட கோபுரமே கிடையாது, இரண்டும் கடல்நீரில் குளிர்பவை. இருந்தும் ஏதோ ஓர் ஐரோப்பிய நிலையத்தின் கோபுரத்தைக் ‘கூடங்குளம் (கோப்புப் படம்)’ என்று பல பத்திரிகைகள் பல ஆண்டு போட்டுவந்தன. நாங்களும் போட்டோம். கூடங்குளத்து மீனவர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: “அய்யா, நாங்க தினமும் அந்தக் கரையைப் பார்த்துத்தான் வலை போடுறோம். இந்தக் கோபுரம் எங்க கண்ணுக்கு மட்டும் தெரியலையா?” அடுத்த வாரமே புகைப்படக்காரரைப் படகில் அனுப்பி எடுத்துவந்தோம். இரண்டு குவிமாடங்கள், முன்னால் கடல், ஓரத்தில் ஒரு கட்டுமரம். டெஸ்க் கணினியில் ‘கூடங்குளம் சரியான படம்’ என்ற பெயரில் இருக்கிறது. மூன்றாவது உலையிலிருந்து ஆறாவது வரை கட்டிக்கொண்டிருப்பதால் அதுவும் பழசாகிவிட்டது. புதிதாக ஒன்று எடுக்க வேண்டும்.